இடம் மிச்சம்

மனித குலத்தை முன்னேற்றியது நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்த மாடிக் கட்டடத்தின் விசாரணைப் பிரிவில் அப்படியொரு சந்தேகமே கிடையாது. அமுக்கல்! விசாரணை ஒலிப்பதிவை அமுக்கி, குட்டி ஃபைலாக்கி, அதை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு ஊட்டிவிடுகிற மகத்தான கலை.

அந்தக் கலையின் ஏகச் சக்கரவர்த்தியை ஆபீஸே 'அமுக்கு' என்றுதான் அழைத்தது. அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார்.

அமுக்கு பதிவுகளைக் காதால் கேட்டதில்லை. இஸ்திரிக் கடைக்காரர் சட்டையைப் போட்டுப் பார்ப்பாரா என்ன?

"அமுக்கியும் இவ்வளவு பெரிசா இருக்கே, ஏன்யா?" என்றார் டைரக்டர் ஒருநாள்.

"பேசறவங்க நடுநடுவுல நிறுத்தறாங்க சார். அந்த அமைதியும் இடம் பிடிக்குது."

"பேசாம இருக்கறதுக்கு எதுக்குய்யா இடம்? தூக்கு!"

அமுக்கு 'மௌனம் நீக்கு' பொத்தானைத் தட்டினான். சத்தம் கொஞ்சம் தணிந்தாலே அது மௌனம்தான் என்று மென்பொருள் தீர்ப்புச் சொல்லி நறுக்கியது. ஃபைல் எலும்பும் தோலுமாக வந்து நின்றது. வேலை முடிந்த கையோடு மூலப் பதிவுகளையும் அழித்தான். சர்வரில் மைதானம் மாதிரி இடம். டைரக்டர் கூட்டம் கூட்டி, 'இடம் காத்த செம்மல்' என்று கேடயம் கொடுத்தார். அது அமுக்கு வீட்டு டிவிக்குப் பக்கத்தில் குடியேறியது.

அப்போதுதான் ஆபீஸ் லிஃப்ட் ஒரு மாடி சறுக்கி, கேஷியரின் காலை உடைத்தது. லிஃப்ட் ஆபரேட்டர் மேல் விசாரணை. அவர் அமுக்குவின் அக்கா வீட்டுக்காரர்.

அத்தானுக்கு ஒரு பழக்கம். வாக்கியத்தைக் கம்பீரமாகத் தொடங்குவார். முடிவதற்குள் குரல் படுத்துவிடும். விருந்துக்குப் போன இடத்தில் "இன்னொரு காபி" என்பது கேட்கும், "வேணாம்" கேட்காது. ஊற்றிவிடுவார்கள். அவரும் குடித்துவிடுவார். அக்கா மட்டும்தான் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.

"டேய், அவர் பேசினதும் உன் கைக்குத்தானே வரும்? பார்த்துப் பண்ணுடா. இந்த வேலையும் போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான்."

"கவலைப்படாதக்கா. அத்தானோடதை ஸ்பெஷலா அமுக்கறேன்."

சொன்ன சொல் தவறாமல் அமுக்கினான்.

விசாரணைக் கூட்டத்தில் எழுத்துப் பிரதியை டைரக்டரே வாசித்தார். மேனேஜரின் வாக்குமூலம் தும்மல், மேஜைத் தட்டல் உட்படச் சேதாரமில்லாமல் வந்திருந்தது. அவர் உரக்கப் பேசுகிற உத்தமர். அடுத்தது அத்தான்.

"கேள்வி: வேலை நேரத்தில் தூங்கினீரா? பதில்: தூங்கற பழக்கம் எனக்கு. கேள்வி: குடி? பதில்: அதுவும் எனக்குப் பழக்கம். கேள்வி: விபத்துக்கு யார் பொறுப்பு? பதில்: தப்பு என் மேல."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன நேர்மை! இவ்வளவு சுருக்கமா ஒருத்தன் குற்றத்தை ஒத்துக்கிட்டு நான் பார்த்ததே இல்லை."

அமுக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்தான். "சார்! ஒவ்வொண்ணுக்கும் கடைசியில ஒரு 'இல்லை' இருந்திருக்கும் சார்!"

"எங்கே?"

"பதிவுல."

"போட்டுக் காட்டு."

"அழிச்சிட்டேன் சார். இடம்..."

"சரி, நீயாவது காதால கேட்டியா?"

"கேக்கலை சார். அவரையே கூப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்களேன்! கிட்டக்க உட்கார்ந்து கேட்டா போதும்."

"மறுபடி பதிவு பண்ணா டூப்ளிகேட் ஆயிடும்யா. கேடயம் வாங்கின நீயே இடத்தை வீணாக்கச் சொல்லலாமா?"

மறுநாள் லிஃப்ட் கதவில் நோட்டீஸ் தொங்கியது: 'ஆபரேட்டர் இடம் காலி.'

சாயங்காலம் அக்கா வந்தாள். டிவிக்குப் பக்கத்தில் இருந்த கேடயத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இடம் மிச்சம் பிடிச்சதுக்குக் குடுத்ததா இது?"

"ஆமாக்கா."

"யாரோட இடம்டா?"