ஜார்ஜிய மன்னருக்கு வேப்பந்தட்டையில் கண்ணீர் அஞ்சலி

சொந்தக்காரர்களின் போட்டோவை வைத்து விளையாடக் கூடாது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்திருந்தாலும் நான் கேட்டிருக்கப் போவதில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்து, வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜார்ஜியாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜாக்கள் படை திரட்டிச் சண்டை போடும் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் இல்லாத நாடுகளை ரசிகர்களே தயாரித்துச் சேர்க்கலாம். அதற்கு மாட் என்று பெயர். நாலைந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழுவில் நானும் இருந்தேன். நல்ல நாடுகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்த ஜார்ஜியா என் தலையில் விழுந்தது. (அது எங்கே இருக்கிறது என்று அன்று மாலைதான் தேடிப் பார்த்தேன்.)

ஆனால் படிக்கப் படிக்க அந்த நாடு என்னைப் பிடித்துக்கொண்டது. மலை, திராட்சை, கவசம் போட்ட குதிரைப்படை, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரசி. ஆண் பிள்ளை இல்லாத மன்னர் ஒருவர் தன் மகளுக்கே முடி சூட்டிவிட்டார். அந்த நாட்டார் அவளையும் அரசர் என்றே அழைத்தார்களாம். அந்த வரியைப் படித்ததுமே அரசியின் முகம் யாருடையது என்று முடிவாகிவிட்டது. என் முகத்தைத்தான் வைத்தேன். வெட்கமில்லாமல் மூக்கைக் கொஞ்சம் கூராக்கியும் விட்டேன்.

மன்னருக்கு வேப்பந்தட்டை மாமாவின் முகம். அம்மாவின் அண்ணன். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மனிதர், ஆனால் அந்த மீசைக்குக் குறைந்தது இரண்டு கோட்டையாவது இருந்திருக்க வேண்டும். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. பள்ளி விடுமுறை முழுக்க நான் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். நான் ஜார்ஜியா கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரே மாமா வாங்கிக் கொடுத்ததுதான். அதனால் அவரை மன்னராக்கியது பாசத்தால்தான். அதுவரை என் மேல் தப்பில்லை.

விளையாட்டில் மன்னர் இறந்தால் திரையில் ஒரு அறிவிப்பு வரும். அதற்கு ஒரு படம் வேண்டும். மற்றவர்கள் கல்லறை, சிலுவை, அணைந்த மெழுகுவத்தி என்று வரைந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த சாவுச் செய்தி நம்மூர் பேனர்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே புறா, நடுவில் கிரீடத்தோடு மாமா, தலைக்கு மேல் ‘கண்ணீர் அஞ்சலி’. தமிழிலேயே எழுதினேன். ஜார்ஜிய எழுத்தும் வளைவு வளைவாகத்தான் இருக்கும், வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு திமிர். கீழே ‘மறைவு: 1184’ என்று போட்டேன்.

மீசை ஓரத்தில் மட்டும் பிசிறு தட்டியது. பெரம்பலூரில் பிளக்ஸ் கடை வைத்திருந்த செல்வம் அண்ணன் இந்த வேலையில் கெட்டிக்காரர். மாமா ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் பேனர் அடிப்பவரும் அவர்தான். படத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ‘அண்ணே, மீசை ஓரத்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, அவசரம்’ என்று எழுதினேன்.

‘மனச தேத்திக்கம்மா. நான் பாத்துக்கறேன்’ என்று பதில் வந்தது. ஒரு மீசைக்காக இவ்வளவு ஆறுதல் சொல்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துக்க வீட்டுப் பெண்ணிடம் எப்படிச் செத்தார், எப்போது செத்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாவு பேனருக்கு நம்மூரில் வரிசையும் கிடையாது, வந்ததும் அடித்துக் கட்டிவிட வேண்டும். கிரீடம்? காதுகுத்துக்கே கிரீடமும் வாளும் வைத்துப் பேனர் அடிக்கிற ஊரில் கிரீடத்தைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? 1184-ஐ எழுத்துப் பிழை என்று நினைத்து அன்றைய தேதிக்குத் திருத்தியிருந்தார். மீசையையும் மறக்காமல் சரி செய்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவரே போன் செய்தார். பஸ் ஸ்டாப்பில் ஒன்று, அரும்பாவூர் போகிற ரோட்டில் ஒன்று, ஆக இரண்டு பேனர் கட்டியாகிவிட்டது, காசெல்லாம் வேண்டாம், மாமா தனக்கும் வேண்டப்பட்டவர் என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாமா திருச்சியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். போனை அணைத்து வைத்திருந்தார். அத்தை பெரம்பலூருக்கு வந்து உளுந்தும் வெல்லமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். நான் ஸ்கூட்டியில் பறந்து போய்ச் சேர்வதற்குள் அந்த பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

அத்தை பேனருக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. சுற்றி நின்ற பெண்கள்தான் அழுதுகொண்டிருந்தார்கள். காலையில் தலையில் வைத்த பூவை அவரே எடுத்து மடியில் வைத்திருந்தார். வெல்லப் பை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது.

“அத்தை, மாமாவுக்கு ஒண்ணும் ஆகலங்க. நல்லாருக்காரு. அது கேமுக்காக நான் பண்ணுன படம்” என்றேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை. கேம் என்றால் என்ன என்று அந்த இடத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தேன், ஜார்ஜியாவில் ஆரம்பித்து. ஆஸ்பத்திரி நம்பரைப் பிடித்து, நர்ஸ் ஒருவரைக் கெஞ்சி, மாமாவின் குரல் போனில் கேட்கிற வரைக்கும் அத்தை எழுந்திருக்கவில்லை. கேட்ட பிறகுதான் அழுதார்.

சாயங்காலம் மாமா கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த அமளியில் யாரும் அவிழ்க்காமல் விட்டிருந்த பேனரை நிதானமாக மேலிருந்து கீழே படித்துவிட்டு, “கிரீடம் எடுப்பாத்தான் இருக்கு” என்றார். பேனரை அவிழ்த்துச் சுருட்டி, மக்காச்சோளம் காயப்போட உதவும் என்று வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தார். அத்தை அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார். (பிளக்ஸ் எரிந்தால் எப்படி நாறும் என்று அன்றைக்கு அந்தத் தெருவே தெரிந்துகொண்டது.)

நான் மன்னிப்புக் கேட்கப் போய் வழக்கம்போல விளக்கம் கொடுத்தேன். வரலாறு அப்படித்தான் அத்தை, மன்னர் போனால்தான் அரசி ஆள முடியும் என்றேன். மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த ராஜா எப்போது மகளுக்கு முடி சூட்டினார் என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போதே, ஆறு வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே ஆண்டார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்தார். “அப்ப அவர உசுரோட வெச்சுக்கிட்டே நீ ராணியா இருந்திருக்கலாம்ல பாப்பா?”

என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை. கதை எந்த வருடத்தில் தொடங்க வேண்டும் என்பதைக் குழு என் விருப்பத்துக்கே விட்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்தது மன்னர் சாகிற 1184. முந்தைய வருடத்தில் தொடங்கினால் திரையில் முதல் நாற்காலி மாமாவுக்குப் போகும். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டு நாற்காலிக்காக, என்னை வளர்த்த மனிதரை முதல் வாய்ப்பிலேயே சாகடித்திருந்தேன்.

அன்றிரவே தொடக்க வருடத்தை மாற்றிவிட்டேன். மன்னர் முதுமையால் சாகவே முடியாதபடி எழுதினேன். வெளிநாட்டு ரசிகர்கள் ஜார்ஜிய ராஜா நூற்று நாற்பது வயதிலும் குதிரையில் வந்து அடிக்கிறார் என்று இன்றும் புகார் எழுதுகிறார்கள். குழுத் தலைவர் அதைச் சரி செய்யச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அத்தை என்னைத் திட்டியதே இல்லை. இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார், போனால் பணியாரம் சுட்டுத் தருகிறார். ஆனால் நான் இருக்கிற இடத்தில் மாமாவைப் போட்டோ எடுக்க மட்டும் விடுவதில்லை. என் கல்யாணத்தில் தாய்மாமன் முறைக்கு மாமா மேடையேறியபோது, கேமரா தூக்கிய ஒவ்வொரு முறையும் அத்தை முன்னால் வந்து நின்றுவிட்டார். தாய்மாமன் மாலை போடுகிற படத்தில் மாலை இருக்கிறது, இரண்டு கைகள் இருக்கின்றன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அத்தையின் அரக்குப் பட்டு முந்தானை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த ஆல்பத்தை எடுத்துவந்து மாமாவைக் கண்டுபிடிக்கச் சொல்வார். ஒருவர் காதைக் கண்டுபிடிப்பார், இன்னொருவர் பாதி மீசையை. வீடே சிரிக்கும். மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். அத்தை மட்டும் ஆல்பம் மூடப்படுகிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.