இடப்பக்கம் திரும்பினா டொக்

அன்பையும் ஆசியையும், கூடவே ஒரு பழைய காரையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். கார் மட்டும் சுமார். அங்கே நீங்களும் அத்தையும் நலமா? அத்தையின் முட்டிவலி தேவலையா? உங்கள் இப்போதைய கார் திரும்பும்போது ஏதாவது சொல்கிறதா? சொன்னால் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன்.

இதை ஃபேமிலி குரூப்ல போடாம மெயில்ல எழுதறதுக்குக் காரணம் இருக்கு மாமா. குரூப்புக்கு அம்மாதான் அட்மின். மெயில் பக்கம் வரமாட்டாங்க, பாஸ்வேர்டை மறந்துட்டாங்க. விஷயம் என்னன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை காரைப் பாக்க ஒருத்தர் வர்றாராம். வாங்கறதுக்கு. "சத்தம் போடற வண்டியில என் புருஷன் ஊரைச் சுத்த வேண்டாம், யார் தலையிலயாவது கட்டிடலாம்"னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. கார் போச்சுன்னா அப்பாவோட பொழப்பும் போச்சு. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்றவர் டோனர் டப்பா, ரோலர், டூல்ஸ் பெட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியுமா? ஏறினா இறங்கறப்ப பஸ்ஸே கறுப்பா இருக்கும். அம்மா இந்த உலகத்துல கேக்கற ஒரே பேச்சு தம்பி பேச்சு. அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க போன் பண்ணணும். என்ன சொல்லணும்னு தெரியணும்னா முழுசாப் படிக்கணும். நேரா கடைசிக்கு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

எல்லாத்துக்கும் காரணம் நான் முதல் தடவை ஜெயிச்சதுதான். ஆறேழு மாசம் முன்னாடி ஸ்டியரிங்கைத் திருப்பினா "ஈஈஈ"ன்னு பசியெடுத்த பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எனக்குத்தான் யூடியூப்ல ஸ்பேனர் அண்ணா சேனல் இருக்கே! அவரோட ஒரு வீடியோ விடாம பாத்திருக்கேன் மாமா, விளம்பரத்தைக்கூட தள்ளிவிடாம பாப்பேன், அவருக்குப் பைசா போகட்டும்னு. "கார் பொய் சொல்லாது தங்கங்களே, கேக்கறவனுக்குத்தான் காது பத்தாது"ன்னு ஒவ்வொரு வீடியோ ஆரம்பத்துலயும் சொல்வாரு, எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். அவர் சொன்னபடி பானெட்டைத் திறந்து பாத்தேன். பவர் ஸ்டியரிங் ஆயில் கம்மி. ஊத்தினேன். பாதி வண்டிக்குள்ள, பாதி அப்பா சட்டையில. சத்தம் நின்னுடுச்சு! அப்பா லிஃப்ட்ல பாத்தவங்ககிட்ட எல்லாம் "எம் பொண்ணுதான் சரிபண்ணினா"ன்னு அந்தச் சட்டையோடயே சொன்னாரு. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்.

அடுத்த மாசமே டொக் வந்துச்சு. இடப்பக்கம் திரும்பினா மட்டும். யாரோ நாக்கை மேலண்ணத்துல தட்டினா மாதிரி ஒரே ஒரு டொக். முதல்ல அம்மாவுக்குத்தான் கேட்டுச்சு.

"என்னங்க அது?"

"ரோடு"ன்னாரு அப்பா.

"ரோடு சத்தம் போடுமா?"

"இந்த ரோடு போடும்."

விடுவேனா நான்? சத்தத்தை ரெக்கார்ட் பண்ணலாம்னு முன்சக்கரத்துக்கு மேல என் போனை டேப் போட்டு ஒட்டினேன். திருப்பத்துல போன் கழண்டு விழுந்து பின்சக்கரம் அதை ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போச்சு. ரெக்கார்டிங் மட்டும் தானா அப்லோட் ஆயிருந்துச்சு. அதுல தெளிவாக் கேக்கறது போன் உடையற சத்தம் ஒண்ணுதான். அப்புறம் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? கீழ்வீட்டு சார் பால்கனியில நின்னபடியே, வண்டியைப் பாக்காமலே "பால் ஜாயிண்ட்"னு தீர்ப்பு சொல்லிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாரு. மேல்வீட்டு அக்கா, "எங்க மச்சான் காருக்கும் இதே சத்தம்தான் வந்துச்சு"ன்னாங்க. ஆசையா, "அப்புறம் என்னக்கா ஆச்சு?"ன்னு கேட்டேன். "அப்புறம் அவங்க டைவர்ஸ் பண்ணிக்கிட்டாங்க"ன்னாங்க. அதுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்னு அவங்களுக்கும் தெரியல.

கடைசியில தாடிகிட்ட போனோம். தாடின்னா எங்க மெக்கானிக், தாடியிலயே நட்டு போல்ட்டு தேடி எடுக்கலாம். அவரு வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை ஆட்டிப் பாத்து, டை ராடு மாத்தினாரு. நான் ஓட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. அப்பா ஓட்டினாரு, டொக். புஷ் மாத்தினாரு. நான் ஓட்டினா அமைதி. அப்பா ஓட்டினா டொக். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற ஜாயிண்டையும் கழட்டிப் பாத்து மாட்டினாரு. நான் ஓட்டினா தியான மண்டபம், அப்பா ஓட்டினா டொக். தாடி கையைத் துடைச்சுக்கிட்டு, "அண்ணே, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் வண்டிக்கும்தான் ராசி இல்ல. இனிமே சத்தம் வந்தா பாட்டு போட்டுக்குங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஏன் நான் ஓட்டினா மட்டும் வரலன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிச்சேன் மாமா, தப்பா யோசிச்சேன்.

ஸ்பேனர் அண்ணா லைவ் வந்தாரு. என் கேள்வியைப் படிச்சாரு!! என் பேரைச் சொல்லி, "ஓட்டறவங்க வெயிட்டா இருக்கலாம் தங்கம்"னாரு. எனக்கு வானத்துல மிதக்கற மாதிரி ஆயிடுச்சு. அப்பா என்னைவிட ரெண்டு மடங்கு, அதான் அவர் உக்காந்தா சத்தம் வருது! உடனே கீழ போயி அப்பாவோட டோனர் டப்பாக்களை எல்லாம் மடியில அடுக்கிக்கிட்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிச்சேன். டொக் வரல. ஒரு டப்பா மூடி கழண்டு கறுப்புப் பொடி தலையோட கொட்டி, தும்மல்தான் வந்துச்சு. நான் மேல போயி பெல் அடிச்சப்ப அம்மா கதவைத் திறந்து, "யார் வேணும்?"னு கேட்டாங்க.

"வாசலைத் தாண்டி ஒரு அடி வெச்சேன்னா பாரு"ன்னு சொல்லிட்டு வாளியில தண்ணி பிடிக்க அம்மா உள்ள போனாங்க. குழாய் ஓடுது. அப்பா என் காலுக்குக் கீழ விரிக்க பழைய பெட்ஷீட் எடுக்கலாம்னு அலமாரி மேல்தட்டுக்கு வலது கையைத் தூக்கினாரு.

டொக்.

மாமா, கார் கீழ நிக்குது. நாங்க மூணாவது மாடியில இருக்கோம்.

நான் பேயறைஞ்ச மாதிரி நின்னேன். நான் இருந்த கோலத்துக்கு என்னைப் பாத்துதான் பேய் பயப்படணும். "அப்பா, இன்னொரு தடவை எடுங்க"ன்னேன்.

"எதை?"

"எதையாவது எடுங்கப்பா."

எடுத்தாரு. டொக். அவர் முகம் போன போக்கைப் பாத்ததும் புரிஞ்சுடுச்சு.

"சத்தமா பேசாத பாப்பா"ன்னாரு. ஏதோ ஆஃபீஸ்ல லிஃப்ட் ஓடலன்னு ஒரு மெஷினைப் படியில இறக்கினாராம், அன்னையிலேர்ந்து தோள்ல இப்படி. இடப்பக்கம் ஒடிக்கறப்பதான் வலது கை மேல ஏறும், அப்ப சுருக்குன்னு குத்துமாம்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானேப்பா? நான் எத்தனை நாள் வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தேன்!"

"நீயும் ஆசையா படுத்திருந்தியா, எழுப்ப மனசு வரல. காருக்கு ரிப்பேர்னா உங்கம்மா காரை வித்துடுவா. எனக்கு ரிப்பேர்னா? தொழிலை விட்டுட்டு வீட்ல உக்காருங்கன்னுவா. அதான் பழி கார் மேலயே இருக்கட்டும்னு விட்டேன்."

இப்பப் பாருங்க என் நிலைமையை. காருக்குக் கோளாறுன்னா கார் போகுது. அப்பாவுக்குக் கோளாறுன்னா வேலை போகுது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னா, சத்தம் எனக்கு வருதான்னு அம்மா கேப்பாங்க. அப்பாகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன்: நான் காரைக் காப்பாத்தணும், அவர் தோளை டாக்டர்கிட்ட காட்டணும். அதனால நீங்க போன் பண்ணி, "அக்கா, அந்த வண்டி என்கிட்ட இருந்தப்பவே இடப்பக்கம் திரும்பினா டொக்குன்னு கேக்கும், அது அதோட பொறவிக் குணம், பயப்படாத"ன்னு ஒரே ஒரு பொய் சொல்லுங்க. கார்தான் பொய் சொல்லாது, நாம சொல்லலாம்.

ரொம்பக் களைச்சுட்டேன் மாமா. யார் கையைத் தூக்கினாலும் காது தானா அந்தப் பக்கம் போகுது. ஸ்பேனர் அண்ணா புது வீடியோ போட்டு மூணு நாளாச்சு, இன்னும் பாக்கல. அத்தைக்கு என் அன்பு. முட்டியில சத்தம் வந்தா மறைக்க வேண்டாம், கார் மேல போட வேண்டாம்னு சொல்லுங்க. உங்கள் இருவரின் மூட்டுகளும் கிரீஸ் குறையாமல் நூறாண்டு ஓட வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, போன் பண்ண வேண்டாம். நேத்து ராத்திரி இதை அனுப்பப் போற நேரத்துல நாற்காலிக்குப் பின்னாடி அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. முழுசாப் படிச்சிட்டாங்க. "பக்கத்துல படுக்கறவளுக்கு எது கார் சத்தம், எது புருஷன் சத்தம்னு தெரியாதாடி? புரண்டு படுத்தாலே டொக்குங்கறாரு"ன்னாங்க.

"அப்ப ஞாயித்துக்கிழமை வர்ற ஆளு?"

"எந்த ஆளு? கார் போயிடும்னு பயந்தாவது தோளைப் பத்தி வாயைத் திறப்பாருன்னு பாத்தேன். மனுஷன் காரைக் காட்டிக்கொடுத்துட்டு கம்முனு இருக்காரு."

இன்னைக்குக் காலையில டப்பாக்களை எல்லாம் இறக்கி வெச்சிட்டு மூணு பேரும் எலும்பு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். வேலைக்குப் போகலாம், ஆனா இனிமே மெஷினைத் தூக்கக்கூடாதுன்னு சொல்லி, அப்பா கையைக் கழுத்தோட சேத்துக் கட்டிட்டாரு. திரும்பி வர்றப்ப நான் ஓட்டினேன். அப்பா என் பக்கத்துல, அம்மா பின்னாடி. நம்ம தெருவுக்குள்ள இடப்பக்கம் திருப்பினேன்.

டொக்.

அம்மா அப்பாவைப் பாத்தாங்க. அப்பா கட்டின கையைக் காட்டி, நான் அசையவே இல்லன்னு தலையை ஆட்டினாரு. அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. "என்ன சத்தம் அது?"ன்னு, ஜன்னலுக்கு மேல இருக்கற கைப்பிடியை எட்டிப் பிடிச்சிருந்த அம்மா பக்கம் திரும்பிக் கேட்டாரு.

"ரோடு"ன்னாங்க அம்மா.

"ரோடு சத்தம் போடுமா?"

"இந்த ரோடு போடும். ஏய், நீ முன்னாடி பாத்து ஓட்டு."