கோட்டை சாரின் மிஸ்டு கால்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, பயப்படுவதை முழுநேர வேலையாகச் செய்து அதற்கு மாதச் சம்பளமும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கோட்டை சார்தான். பல்லிக்குப் பயப்படுவார், பவர் கட்டுக்குப் பயப்படுவார். தும்மல் வந்தால் பயப்படுவார், வந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுவார். நாலு வருஷம் அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியனாகக் குப்பை கொட்டியவள் நான். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்ட புண்ணியவானைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. அங்கே குடியிருக்கும் ஸ்டெம் செல்கள்தான் உடம்பின் மொத்த ரத்தத்துக்கும் விதை. அதை வெளியே எடுத்து வெறும் பிளாஸ்டிக் தட்டில் வைத்தால், கொஞ்ச நாளில் சிவப்பணுவாகவும் வெள்ளையணுவாகவும் முற்றிப்போகும். விதையென்று ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மஜ்ஜை மாதிரியே ஒரு இடத்தைச் செய்து அதைக் குடிவைக்கப் பார்த்தோம். எலும்பு போலத் துளைத்துளையாக ஒரு துண்டு, அதற்குள் கூழாக ஜெல், துணைக்கு மஜ்ஜையின் வேறு செல்கள். மஜ்ஜைக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால், இன்குபேட்டருக்குள்ளும் அதைக் குறைக்க நைட்ரஜன் சிலிண்டர்.

சாருக்கு வலங்கைமான் பக்கம் ஊர். "எங்க ஊருல வெதநெல்லுக்கு வைக்கப்பிரி சுத்தி கோட்ட கட்டி வைப்போம். காத்து கூடுனா பூச்சி, ஈரம் பட்டா மொளப்பு. வெத வெதயாவே இருக்கணும்ல? அந்தக் கோட்டயத்தான் இங்க கட்டுறோம்" என்று கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவரையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். பேர் அப்படி வந்ததுதான்.

"கதவ மெதுவா சாத்துங்க செல்வி. அவங்க பயந்துருவாங்க."

"எவங்க சார்?"

இன்குபேட்டரைக் கண்ணால் காட்டுவார்.

"செல்லுக்கு ஏது சார் காது?"

"இல்லன்னு நீங்க பாத்தீங்களா?"

சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு தொல்லை. "வீட்டுக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க." என் வீடு எதிர்த் தெரு! மறந்துவிட்டால் என் கணவருக்கு போன் போகும், பிறகு ஆய்வுக்கூடத்து வாட்ச்மேனுக்குப் போகும். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், வாட்ச்மேன் மூச்சிரைக்க வாசலில் நின்றார். "நான் என்ன காணாமப் போன கன்னுக்குட்டியா?" என்று அவரை நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது.

அந்த வருஷம் எரிவாயுக் கிணறு தோண்டப் போகிறார்கள் என்று டெல்டாவே கொதித்துக்கொண்டிருந்தது. நட்ட வயலில் யாரோ வந்து அளந்து கல் ஊன்றிவிட்டுப் போனார்கள். சாருடைய அண்ணன் வயலிலும் ஒரு கல். "புடுங்குனா வழக்குப் போடுவானுங்க, வுட்டா வயலே போயிரும்" என்று சார் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். அவருடைய பயங்களில் நான் கேலி செய்யாதது இது ஒன்றுதான். என் அப்பா வயலும் அந்தப் பக்கம்தான்.

அப்போதுதான் எங்களுக்குப் பதினாலு நாள் கெடு. ஒரு தாய் மனசு வைத்துத் தந்த, பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள். பதினாலாம் நாளும் அவை விதையாகவே இருந்தால் ஆய்வு தொடரும், இல்லாவிட்டால் அறைக்குப் பூட்டு என்று மேலிடம் சொல்லிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலை பார்க்கிறேன், சிலிண்டர் மீட்டரில் முள் இறங்கிக் கிடக்கிறது. மாற்று சிலிண்டரோ காலி. அதன் வால்வைச் சரியாக மூடாமல் விட்டது சாட்சாத் நான்தான். மத்தியானம் வரைக்கும் தாங்கினால் அதிகம்.

நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டிய சிலிண்டர் வண்டியின் டிரைவர் போன் செய்தார். "வலங்கைமான்கிட்ட மறியலுங்க. சிலிண்டரப் பாத்துட்டு, கெணறு தோண்டத்தான் கொண்டு போறேன்னு சுத்தி உக்காந்துட்டாங்க."

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் போறேன்."

"நீங்களா? நாய் படுத்திருந்தா அடுத்த தெரு வழியா சுத்திப் போற ஆளு சார் நீங்க!"

"பயமாத்தான் இருக்கு. இங்க உக்காந்து அந்த முள்ளப் பாக்குறது அதவிடப் பயமா இருக்கு" என்றவர், ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அங்கே நடந்ததை டிரைவர் பிறகு சொன்னார். சார் வண்டிமேல் ஏறி நின்றாராம். கால் நடுங்கிய நடுக்கத்தில் சிலிண்டரெல்லாம் கடகடவென்று ஆடினவாம். "இது கெணத்துக்கு இல்லீங்க, வெதக்கோட்டைக்கு" என்றாராம்.

முன்னால் உட்கார்ந்திருந்த, சாருடைய ஊர்க்கார அம்மா ஒருவர், "டவுனுல ஏதுய்யா வெதக்கோட்ட?" என்று மடக்கியிருக்கிறார்.

"எலும்புக்குள்ளயும் ஒரு மண்ணு இருக்கும்மா. அது கெட்டா ஒரு சொட்டு ரத்தம் ஊறாது. நீங்க எதுக்கு ரோட்டுல உக்காந்திருக்கீங்களோ, அதுக்குத்தான் நான் லேபுல உக்காந்திருக்கேன். காத்து கூடிருச்சுன்னா அம்புட்டும் போச்சு."

"காத்தே புகக் கூடாதா?"

"கொஞ்சமா புகணும்."

"அப்ப கோட்டதான்" என்று அந்த அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வண்டிய வுடுங்கடா! ஆனா நீங்க எறங்கி எங்களோட உக்காருங்க சார். உங்கண்ணன் அங்கதான உக்காந்திருக்காரு?"

சார் இறங்கி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிய பத்தாவது நிமிஷம், மொத்தக் கூட்டத்தையும் போலீஸ் வேனில் ஏற்றிவிட்டது. ஜில்லாவின் முதல் பயந்தாங்கொள்ளி கைதாகிவிட்டார்!

சிலிண்டர் வந்தது. மாட்டினேன், முள் ஏறியது. சந்தோஷமாகச் சாருக்கு போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அவர் மனைவி சொல்லித்தான் கைதான சேதியே தெரிந்தது. மறியலில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவதுதான் நம்மூர் வழக்கம். தெரியும். தெரிந்தும் போனைக் கீழே வைக்க மனசு வரவில்லை. தள்ளுமுள்ளில் விழுந்திருந்தால்? இந்த மனிதர் நெஞ்சு தாங்குமா? நான் மூடாத வால்வுக்கு அவரல்லவா உள்ளே இருக்கிறார்? அவர் மனைவிக்கு நாலு தடவை, டிரைவருக்கு ஆறு தடவை போன் செய்தேன். வாட்ச்மேனைப் பஸ் ஸ்டாண்டு வரை விரட்டினேன்.

"மேடம், நீங்களும் கோட்டை சாரு மாதிரி ஆயிட்டீங்க" என்றார் அவர்.

ஆறு மணிக்கு என் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. சாருடைய மிஸ்டு கால். இன்குபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன், அவங்க பயந்துவிடக் கூடாதே.

பதினாலாம் நாள் எண்ணிப் பார்த்தோம். விதை விதையாகவே இருந்தது. அறைக்குப் பூட்டு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு செல்வி."

"இப்ப என்னத்துக்கு சார்?"

"நல்லா வந்துருச்சே, அதான்."

சார் ரிட்டயர் ஆகி ஊரோடு போய்விட்டார். அண்ணன் வயலில் கிணறும் வரவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடுவேன். போன வாரம் எப்படியோ மறந்துபோனேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் வாட்ச்மேன், மூச்சிரைக்க. நான் கத்தவில்லை. உள்ளே வரச் சொல்லிக் காபி கொடுத்தேன்.