மலையேறும் சப்பாத்து

சப்பாத்து காலுக்கு அளவாகவே இருந்தது. அதுதான் இராசரத்தினத்துக்குப் பெரிய கவலை. ஒரு விரலையாவது இறுக்கியிருந்தால் ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும்.

"எழும்பி நடந்து பாருங்கோ அப்பா," என்றாள் மகள் துவாரகா.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில் நகரிலிருந்த வீட்டின் வரவேற்பறையில் அவர் நாலு எட்டு வைத்தார். மூச்சு வாங்கியது. இருமுவதுபோல் சமாளித்தார்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் கொடுத்த பரிசு அது. சப்பாத்து மட்டும் என்றால் பரவாயில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கு நடுவே, வீதியே எட்டாத காட்டுக்குள் ஒரு குதிரைப் பண்ணை இருக்கிறதாம். அப்பாவும் அம்மாவும் ஆறு நாள் அங்கே தங்கி, தினமும் வழிகாட்டியோடு மலை உச்சிகளுக்கு நடந்து போய் வரவேண்டுமாம். விமான ரிக்கற்றும் போட்டாயிற்று.

"அப்பாவுக்கு ஏத்த பரிசு பிள்ளை," என்றாள் மனைவி தவமணி. தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். "நானும் எப்ப எப்ப எண்டு நிக்கிறன்."

வினையை அவர் தானேதான் தேடிக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் எட்டிப்பார்த்தபோது, காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். அன்று முதல் தினமும் பின்னேரம் "நடக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார். போவது மார்க்கம் நகரில் உள்ள ஒரு மோலுக்கு. அங்கே நண்பர் சீமோனோடு கோப்பியும் கடதாசிச் சீட்டு விளையாட்டும் நடக்கும். கடிகாரம் அந்த நேரம் சீமோனின் நாயின் கழுத்தில் இருக்கும். நாயைச் சீமோனின் மகன் ஆற்றங்கரைக்கு ஓடக் கொண்டுபோவான்.

நாளுக்குப் பதினாறாயிரம் அடி! துவாரகா அதைக் குடும்ப வட்சப் குழுவில் போட்டாள். இராசரத்தினமும் சும்மா இருக்கவில்லை. போகிற கலியாண வீடெல்லாம், "நடவுங்கோ, என்னைப் பாருங்கோ," என்று புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது உண்மை வெளியே வந்தால் ரொறன்ரோவில் ஒரு மண்டபத்துக்குள்ளும் தலைநிமிர்ந்து போக முடியாது. வராவிட்டால் மலையில் உயிர் போகும்.

"சாப்பாட்டிலை பிடியுங்கோ அண்ணை," என்று யோசனை சொன்னார் சீமோன். "சைவம், மூண்டு நேரமும் சோறு வேணும் எண்டு எழுதுங்கோ. காட்டுக்குள்ளை அவங்கள் எங்கை போறது?"

எழுதினார். பண்ணையிலிருந்து கரோலின் என்ற பெண் மறுநாளே பதில் போட்டாள். அவர்களுடைய சமையல்காரர் சைவக் கறிகள் பழக நெடுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டைப் பதினான்கு விருந்தினருக்கும் இராசரத்தினமே சமைத்துக் காட்டினால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாம். அவருக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது. இனி மலையும் ஏறவேண்டும், இறங்கி வந்து அடுப்பும் மூட்டவேண்டும்.

அடுத்ததாக முழங்காலைப் பிடித்தார். குடும்ப டொக்டர் நிரோஷினியிடம் போய், "முழங்காலிலை ஒரே நோவு, மலை ஏறக்கூடாதெண்டு ஒரு கடிதம் தாங்கோ," என்று கேட்டார்.

அவள் அவருடைய கடிகாரக் கணக்கைத் திறந்து பார்த்தாள். கண் விரிந்தது.

"அங்கிள், பதினாறாயிரம்! அதுவும் இடைக்கிடை என்ன ஓட்டம் ஓடுறியள்! உங்கடை வயசிலை இப்பிடி ஓடுற ஒருத்தரையும் நான் கண்டதில்லை."

"இல்லைப் பிள்ளை, அது வந்து…"

"பயப்பிடாதையுங்கோ. நான் நல்ல கடிதமாத் தாறன்."

அது நல்ல கடிதம்தான். மனிதர் சிங்கம்போல் இருக்கிறார் என்று எழுதாத குறை. துவாரகா அதைப் பெருமையோடு பண்ணைக்கு அனுப்பினாள். கரோலின் அவரைச் சாதாரணக் குழுவிலிருந்து எடுத்து, கயிறு கட்டிக்கொண்டு ஒன்பது மணிநேரம் ஏறுகிற குழுவில் சேர்த்துவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, இங்கே பூதம் கயிற்றோடு வந்து நின்றது.

மிச்சமிருந்தது ஒரே வழி. துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. அப்பாவழிச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்கு எந்த டொக்டரும் மருந்து எழுத முடியாது. யாரைச் சாகடிப்பது என்று காருக்குள் இருந்து யோசித்தார். பாரிசில் பெரியப்பாவின் மகன் சிவகுரு இருந்தார். கலியாணப் படமொன்றில் தன்னை ஓரமாகக் கரையில் நிற்பாட்டினார்கள் என்று கோபித்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவரைச் சாகடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை மத்தியானம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"தவம், பாரிசிலை சிவகுரு அண்ணை மோசம் போட்டாராம்."

"ஐயோ! எப்பவாம்?"

"விடியப்புறம். முப்பத்தொரு நாள் துடக்கு. மலையெண்டால் சிவன்ரை இடமெல்லோ, எப்பிடிப் போறது?"

"போகவே கூடாதப்பா!" என்றாள் தவமணி, கண்ணைத் துடைத்தபடி. இவ்வளவு சுகமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நிம்மதியாக ஒரு பிளேன்ரீ கேட்கலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அவள் றிச்மண்ட் ஹில்லிலிருந்த தோழி கோணேஸ்வரிக்கு அழைப்பு எடுத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு வீட்டு வாசலில் ஒன்பது கார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் ஆளாளுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். இராசரத்தினம் வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருந்து வந்தவர்களுக்குக் கை கொடுத்தார்.

"எப்பிடி நடந்தது?" என்றார் ஒருவர்.

"நித்திரையிலை."

"என்ன வருத்தம்?" என்றார் அடுத்தவர்.

"ஹார்ட்."

மூன்றாவது ஆளிடம் வாய் தடுமாறி, படியில் விழுந்தார் என்றார். ஐந்து மணிக்குள் சிவகுரு மூன்று விதமாகச் செத்துவிட்டார்.

அப்போதுதான் கோணேஸ்வரியின் ஃபோனில் வீடியோ அழைப்பு வந்தது. பாரிசிலிருந்து. திரை நிறைய ஒரு முகம். செத்தவரேதான்.

"எங்கை உவன் இராசன்?" என்று கூடம் அதிரக் கேட்டார் சிவகுரு. "நான் செத்தது எனக்கே இப்பத்தான் தெரியும்! ஃபேஸ்புக்கிலை கோணேஸ்வரி போட்ட அஞ்சலியாம். போட்டிருக்கிற படமும் அந்தக் கரையிலை நிக்கிற படம்!"

இராசரத்தினத்துக்கு என்ன ஆனதோ, கண்ணீர் மட்டும் உண்மையாகவே பொங்கிவிட்டது.

"அண்ணை… இருக்கிறியளோ!"

எதிர்ப்பக்கத்தில் சிவகுருவின் குரலும் இளகியது. "இருக்கிறன்டா. நீ ஏனடா அழுறாய்?"

"பிழையான செய்தி போல," என்று யாரோ சொன்னார். அவர் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். எல்லோருக்கும் அப்படியொரு சந்தோசம். சாவுக்குக் கொண்டுவந்த இடியப்பத்தைக் கொண்டாட்டமாகத் தின்றுவிட்டுப் போனார்கள்.

கடைசிக் கார் போனதும் தவமணி கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்கோ. அவர் செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இனி முடியாது. கோப்பி, கடதாசி, நாய், கழுத்துக் கடிகாரம் என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக உடம்பு இலேசாகிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக இவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டதில்லை.

"உயிரோடை இருக்கிற மனுசனைச் சாகடிக்க எப்பிடியப்பா மனம் வந்தது?" தவமணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கெண்டால் அப்பிடிச் சொல்ல நாக்கு வருமோ? நான் எவ்வளவு ஆசையோடை படி ஏறிப் பழகினனான்!"

"பிழைதான் தவம். மன்னிச்சுக்கொள்."

"சரி, உங்களுக்காக நான் என்ரை ஆசையை விடுறன். மலை வேண்டாம். ஆனால் நாளையிலையிருந்து நாயில்லாமல் நடக்கவேணும்."

தெய்வம்போல் மனைவி என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. பண்ணையிலிருந்து கரோலின்.

"வையுங்கோ, பிறகு நான் கதைக்கிறன்," என்று தவமணி அவசரமாகக் கையை நீட்டினாள்.

"வேண்டாம் தவம். உனக்கு இனி ஒண்டையும் ஒளிக்கமாட்டன். நான் உண்மையைச் சொல்லுறன், நீயும் கேள்." ஸ்பீக்கரைப் போட்டார்.

அவர் வாயைத் திறக்குமுன் கரோலின் மிகவும் துக்கமான குரலில் ஆங்கிலத்தில் தொடங்கினாள்:

"உங்கள் அண்ணன் இறந்த செய்தியை மகள் மத்தியானம் எழுதியிருந்ததை இப்போதுதான் பார்த்தேன், எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள், திகதியை மாற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்கவேண்டும்: போன கிழமை உங்கள் மனைவி தன் சித்தி இறந்துவிட்டார் என்று அழுதழுது சொன்ன முப்பத்தொரு நாளையும் இந்த முப்பத்தொரு நாளையும் கூட்ட வேண்டுமா, அல்லது இரண்டும் சேர்ந்தே கழியுமா?"