சம்பந்தியை மணல் மூட்டையாக்கிய கார்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், கார் இங்கேதானே இருக்கிறது. நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. இடுப்பு சம்மதிக்கவில்லை.

உங்கள் மகனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். குறைதான் சொல்கிறேன். மகளைப் பார்க்க ஆசையாக வந்தால், கல்யாணத்துக்கு நான் வாங்கிக்கொடுத்த இரும்பு பீரோவைக் காணோம், புடவையெல்லாம் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. "பின்னாடி போய்ப் பாருங்கப்பா" என்றாள். போனால், அந்தக் காலத்துக் கார் ஒன்று நிற்கிறது, அதன் மூக்கில் என் பீரோவின் கதவு! கைப்பிடி அப்படியே இருக்கிறது. எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் மாப்பிள்ளை பீரோ சாவியைப் போட்டுத் திறக்கிறார். பழைய கார்களுக்கான வேக சாதனையை முறியடிக்கப் போகிறாராம், அதற்காக ஆறு வருஷமாக வீட்டிலேயே கட்டினாராம். மகள் தடுப்பாள் என்று பார்த்தால் அவள்தான் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிறாள்.

சரி, தொலையட்டும் என்று வேடிக்கை பார்க்க மைதானத்துக்குப் போனது என் புத்திகெட்ட வேலை. போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்ட வேண்டுமாம், சராசரிதான் கணக்காம். போகும்போது கார் பறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இடது பக்கம் பாரத்துக்காக வைத்திருந்த மணல் மூட்டை கிழிந்து கொட்டிவிட்டது. உடனே உங்கள் மகன் என்னிடம் வந்து, "மாமா, தப்பா நினைக்காதீங்க, உங்க எடை என்ன?" என்று கேட்டார். தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பது? மகள் முகத்தைப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறந்தது ஒரே தடவை. திறந்தால் எதிரே ஒருவன் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்!

சம்பந்தி, நான் லைசென்ஸ் ஆபீசில் இன்ஸ்பெக்டராக இருந்தே கிழவனானவன். சிவப்பைக் கண்டால் என்ன சொல்வேன்? "நிறுத்து!" என்று கத்தினேன். என்னிடம் மூன்று முறை ஃபெயிலாகி லைசென்ஸ் வாங்கியவர்தானே உங்கள் மகன், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமே கார் நின்றது. கோட்டைக் காட்டத்தான் கொடியாம்! அதற்குச் சிவப்புத்தான் கிடைத்ததா? சாதனை போய்விட்டது. மாப்பிள்ளை, "பரவாயில்லை மாமா" என்கிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். பெற்ற மகளின் ஒரு வார்த்தைக்காக வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள்!

ஆகவே உடனே புறப்பட்டு வந்து, அந்தக் காரைப் பிரித்து, என் பீரோவை மீட்டுத் தர வேண்டும். இல்லையென்றால் மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடுவேன். அவள் வரமாட்டாள், அது வேறு விஷயம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் என் ஆசிகள், மூத்தவர் நீங்கலாக.

இப்படிக்கு,
மணல் மூட்டை அல்லாத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீடு பூட்டியிருக்கும். உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொடியைப் பச்சையா மாத்தச் சொல்லியாச்சு. இந்தத் தடவையாவது வாயைத் திறக்காம வருவீங்களாப்பா?" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.