உயர்த்திய ஜீப்பும் இரண்டாவது டிவிஷன் குழியும்

ஜீப்பின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரங்களும் ஆவேசமாகச் சுற்றின. வண்டி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"என்ன சன்னாசி, திரும்பவுமா?" என்றார் பக்கத்தில் இருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. தோட்டத்து ஆட்களிடமே தமிழ் கற்றவர். அதனால் மரியாதைத் தமிழ் அவ்வளவாக வராது, அதட்டுகிற தமிழ் நன்றாக வரும்.

"கொஞ்சம் பொறுங்க துரை. இப்ப ஏறிடும்."

ஏறவில்லை. பின்னால் இருந்த துப்பாக்கிக்காரர் யூசோப் வழக்கம்போல் கீழே குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு ரப்பர் மரங்களைக் குறிபார்த்தார். மரங்கள் எதுவும் செய்யவில்லை.

எல்லாம் அப்போது மலாயாவில் இருந்த எமர்ஜென்சி செய்த வேலை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் எப்போது எங்கிருந்து சுடுவார்கள் என்று தெரியாததால், துரை தன் ஜீப்பைச் சுற்றிலும் இரும்புத் தகடு அடித்துவிட்டார். தகடு குண்டைத் தடுக்குமா என்பது யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் சுடவில்லை. ஆனால் பாரம் தாங்காமல் ஸ்பிரிங் பட்டைகள் நசுங்கி, வண்டி சினை ஆடு மாதிரி தரையைத் தொட்டுக்கொண்டு நடந்தது. அதற்கு முன்பெல்லாம் சன்னாசி ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு, தலைமுடி காற்றில் பறக்க ஓட்டுவான். இப்போது தகட்டில் வெட்டிய சிறு பிளவு வழியாக அவனுடைய இரண்டு கண்கள் மட்டும் உலகத்தைப் பார்த்தன.

தோட்டத்தின் இரண்டாவது டிவிஷனுக்குப் போகும் மண் ரோட்டில், வாய்க்கால் தண்ணீர் கசிகிற திருப்பத்தில் இருந்தது இந்தக் குழி. ஜீப்பு மாட்டினால் புல்வெட்டும் கேங்கை மேய்க்கும் மண்டோர் மாயாண்டி விசில் ஊதுவார். அவருடைய கேங்குப் பெண்கள் சங்குல் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு வந்து தள்ள வேண்டும். அது அந்தத் தோட்டத்து வழக்கம். இன்றும் விசில் ஊதினார். பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் மண்டோரின் மகள் மயிலம்மாள்.

சன்னாசிக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. பூமி பாதி விழுங்கித்தான் இருந்தது, ஆனால் ஜீப்பை மட்டும். போன வருஷம் மாரியம்மன் திருவிழாவில் மயிலம்மாளைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இருந்த முதல் டிவிஷனையும் அவள் இருந்த இரண்டாவதையும் தனித்தனியாக முள்கம்பி போட்டு அடைத்த பிறகு, சாயந்தரத்துக்கு மேல் போய்வரவும் வழியில்லை. அப்படிப்பட்டவள் எதிரில்தான் இந்த மானக்கேடு.

அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். பின்சக்கரம் வாரி இறைத்த சேறு மயிலம்மாளின் முகத்தில் அப்பியது.

"மெதுவா மிதிங்க டிரைவரே," என்றாள் அவள், முகத்தைத் துடைத்தபடி. "நாங்க தள்ளத்தான் வந்தோம், குளிக்க வரலை."

பெண்கள் சிரித்தார்கள். வண்டி ஏறுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சன்னாசி இறங்கி, ஸ்பிரிங்கைப் பார்க்கிற மாதிரி மயிலம்மாள் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"இனிமே மாட்டாது. ஸ்பிரிங்கை ஒசத்தப் போறேன்."

"எவ்வளவு ஒசத்துவீங்க?"

"மூணு விரக்கட."

"மூணா?" என்று அவள் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். வண்டியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற பெண் அந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சன்னாசிக்குத் தோன்றியது.

துரையும் சம்மதித்தார். "ஒசத்து. ஆனா தினமும் ஓடணும். காட்டுக்கும் இந்த வண்டிதான், சிரம்பான் கிளப்புக்கும் இந்த வண்டிதான்."

மம்பாவ் ரோட்டில் ஆ லோக் தவுக்கே என்ற சீன முதலாளியின் பட்டறை இருந்தது. "எவ்வளவு திங்கி?" என்று தவுக்கே உயரத்தைக் கையால் காட்டிக் கேட்டார். சன்னாசி விரல்களைக் காட்டினான். தவுக்கே ஒரு பழைய லோரியின் ஸ்பிரிங்கிலிருந்து பட்டைகளை உருவி, ஜீப்பின் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் போல்ட்டு போட்டு முடுக்கினார். வண்டி நிமிர்ந்து நின்றது.

நிமிர்ந்தது சரி, வளையத்தான் மறந்துவிட்டது. லோரியின் பாரத்துக்குச் செய்த பட்டை ஜீப்புக்கு அசைந்து கொடுக்குமா? சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி துள்ளியது. துள்ளும்போதெல்லாம் துரையின் தலை மேல்தகட்டில் போய் மோதியது. இரண்டாவது டிவிஷன் எல்லைக்கு வருவதற்குள் அவருடைய தொப்பி தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி ஆகிவிட்டது.

"சன்னாசி, குண்டு பட்டுச் சாகமாட்டேன் நான். உன் ஸ்பிரிங் பட்டுத்தான் சாவேன்."

"குழியைத் தாண்டினா எல்லாம் சரியாப் போயிடும் துரை."

குழியைத் தாண்டவில்லை. முன்னைவிட நன்றாக மாட்டியது. விசில் ஊதுவதற்கு முன்பே பெண்கள் வந்து நின்றார்கள்.

"ஒசத்தப் போறேன்னு சொன்னீங்களே?" என்றாள் மயிலம்மாள்.

"ஒசத்தினேன். குழி ஆழமாயிருச்சு போல. மழைத் தண்ணி அரிச்சிருக்கும்."

"ஆமா, மழைதான்," என்றாள் தாயம்மா. கேங்கிலேயே மூத்தவள் அவள்தான். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. ஆனால் காதலிக்கிறவன் எந்தக் காலத்தில் வானத்தைப் பார்த்திருக்கிறான்?

"இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

"பெரிய டயரு. மிலிட்டரி லோரி டயரு. அதுல இன்னும் நாலு விரக்கட ஒசரும்."

"நாலா?" என்றாள் அவள். பக்கத்தில் தாயம்மா ஏனோ பெருமூச்சு விட்டாள்.

மிலிட்டரி டயர் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. நேராகப் போகும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் டயர் மட்கார்டில் போய் உரசும். தோட்டத்து முள்கம்பிக் கேட்டில் திரும்புவதற்கு முன்னே பின்னே என்று போய்வந்து, புகையும் ரப்பர் தீய்ந்த நாற்றமுமாகக் கிளம்பியதைக் கண்டு, குண்டு வைத்துவிட்டார்கள் என்று காவலுக்கு நின்றவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். வாய்க்கால் திருப்பத்தில் வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய் குழிக்குள் குறுக்காக விழுந்தது.

சன்னாசி விடவில்லை. விட்டால் அவன் சன்னாசி இல்லை. டயர் உரசுகிறதா, மட்கார்டை வெட்டு. இன்னும் இடம் வேண்டுமா, ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஷேக்கிளை நீளமாக்கு. அடுத்த வாரம் ஜீப்பு மாடிவீடு மாதிரி வந்து நின்றது. துரை ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. அன்றிலிருந்து யூசோப் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் முக்காலியுமாகத் தோட்டத்தைப் பாதுகாத்தார். வளைவுகளில் வண்டி கள் குடித்தவன் மாதிரி சாய்ந்தது. மட்கார்டு இல்லாததால் ரோட்டில் இருந்த சேறெல்லாம் துரையின் வெள்ளைக் கால்சட்டைக்கு வந்து சேர்ந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை இதுதான்.

குழி மட்டும் விசுவாசமாக இருந்தது. அவ்வளவு உயர்ந்த ஜீப்பையும் அச்சு வரை வாங்கிக்கொண்டது.

அன்றைக்குப் பார்த்துத்தான் தாயம்மா சன்னாசிக்காக மண்டோரிடம் பெண் கேட்டு வைத்திருந்தாள். மாயாண்டி சேற்றில் கிடந்த ஜீப்பைப் பார்த்தார், அதன் மேல் நின்ற சன்னாசியைப் பார்த்தார்.

"பொம்பளைங்க தள்ளினாதான் நகர்ற ஆம்பளைக்கு என் பொண்ணா?" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

"மண்டோரய்யா, அது வண்டி..."

"வண்டியைக் குழியில விடாம ஓட்டத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவே? ஞாயித்துக்கிழமை சுங்கை காடுட்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. சனிக்கிழமைக்குள்ள யாரும் தள்ளாம, நீயா இந்த வண்டியைக் கொண்டாந்து என் வீட்டு வாசல்ல நிறுத்து. அவங்களை வரவேண்டாம்னு சொல்லி அனுப்பிடுறேன். இல்லைன்னா பேச்சை விட்டுரு லா."

மயிலம்மாளின் முகம் சட்டென்று வாடியதைச் சன்னாசி பார்த்தான். அன்றைக்கு அவள் எவ்வளவு உயர்த்துவீர்கள் என்று கேட்கவில்லை. "அடுத்து எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு வெள்ளி, வண்டி பட்டறைக்குப் போகுது. சனிக்கிழமை வருவேன். எப்படியும் வருவேன்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவன் ஆ லோக்கின் பட்டறையில் நின்றான். உயர்த்தி உயர்த்தி ஒன்றும் ஆகவில்லை என்பது அவனுக்கே உறைத்துவிட்டது. எதிரே சேற்றில் ஒரு மாட்டுவண்டி போனது. மெல்லிய சக்கரம் சேற்றைக் கிழித்து, அடியில் இருந்த கெட்டித் தரையைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் போனது. சன்னாசி தொடையில் தட்டினான்.

"தவுக்கே, எல்லாத்தையும் கழட்டு."

"எல்லாமா? நீதானே போடச் சொன்னே லா?"

"அகல டயரு சேத்து மேல சப்பணம் போட்டு உக்காந்துக்குது. எனக்கு ஒல்லியா, ஒசரமா, பல்லு ஆழமா உள்ள டயரு வேணும். ஸ்பிரிங்குல கூடுதலா ஒரு பட்டை போதும். மட்கார்டைத் திரும்பப் பத்த வை."

தவுக்கே கிடங்கெல்லாம் தேடி அப்படிப்பட்ட டயர்களைக் கொண்டுவந்தார். ஜீப்பு அதிகம் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. துரை முக்காலி இல்லாமல் ஏறினார். தொப்பி தொப்பியாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை. மண் ரோட்டின் இரண்டு பக்கமும் புல்வெட்டுப் பெண்கள் நின்றார்கள். மாயாண்டி விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். திருப்பம் வந்தது. குழியின் மேல் சேற்றுத் தண்ணீர் பளபளத்தது.

"சன்னாசி, மெதுவா," என்றார் துரை, மேல்தகட்டைப் பிடித்துக்கொண்டு.

சன்னாசி மாரியம்மனை நினைத்துக்கொண்டு கியரை இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டான் என்று யூசோப் பிற்பாடு சத்தியம் செய்தார். ஜீப்பு தண்ணீரில் இறங்கியது. ஒரு குலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. திருவிழாத் தேர் மாதிரி அந்தப் பக்கம் ஏறிவிட்டது.

மண்டோரின் வாயிலிருந்து விசில் விழுந்துவிட்டது.

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். யூசோப் முதல்முறையாகக் கீழே குதிக்காமல் உட்கார்ந்திருந்தார். சன்னாசி ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குள் போய், மாயாண்டியின் வீட்டு வாசலில் கோலத்தில் சக்கரம் படாமல் ஜீப்பை நிறுத்தி, ஹாரனை நீட்டி அடித்தான். பின்னாலேயே ஓடிவந்த மாயாண்டி மூச்சு வாங்க நின்றார். சொன்ன சொல் தவறுகிற மனிதர் இல்லை அவர்.

"இறங்குங்க மாப்பிள்ளை," என்றார்.

"குட்," என்றார் துரை. அவருக்குப் பாராட்டுகிற தமிழும் வராது.

சுங்கை காடுட்காரர்களுக்கென்று வாங்கி வைத்த வெற்றிலையும் வாழைப்பழமும் ஞாயிற்றுக்கிழமை சன்னாசிக்கே தட்டில் வந்தன. மயிலம்மாள் பச்சைச் சேலையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இதைவிட என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? ஆனால் ஜெயித்தவன் வாய் சும்மா இருக்குமா? சன்னாசி எல்லாரையும் உட்காரவைத்து டயர் பாடம் நடத்த ஆரம்பித்தான். ஸ்பிரிங்குக்கு எத்தனை பட்டை, டயருக்கு எவ்வளவு பல்லு, சேற்றில் எந்த கியர் என்று காப்பி ஆறியது தெரியாமல் பேசினான். மாயாண்டி கேட்கிற மட்டும் கேட்டுவிட்டு, வந்திருந்த சொந்தக்காரர்களை வழியனுப்ப முள்கம்பிக் கேட்டுக்குப் போய்விட்டார். தாயம்மா மட்டும் மூலையில் உட்கார்ந்து உள்ளங்கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா தாயம்மாக்கா, எல்லாம் டயருலதான் இருக்கு," என்றான் சன்னாசி. "சரியான டயரைப் போட்டதும் எப்படித் தாண்டுச்சு?"

மயிலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டயரு கெடக்கட்டும் தம்பி," என்றாள் தாயம்மா. "நீங்க தகட்டுக்குள்ள போயி உக்காந்ததுல இருந்து வண்டி மாட்டினாதான் உங்க மூஞ்சியைப் பாக்கலாம்னு, நீங்க ஒரு விரக்கட ஒசத்தினா இவ எங்களை ரெண்டு விரக்கட தோண்டவச்சா, அப்பன் கெடு வச்சதும் வெள்ளிக்கிழமை பூரா கல்லு சொமந்து அதே குழியை மூடவச்சா, அதனால எங்க கை ஆறுறதுக்காச்சும் சீக்கிரமா ஒரு தாலியைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருங்க."