போடியில் தங்கத் தகுதியான ஒரே வீடு

போடிநாயக்கனூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கௌரவமாகத் தங்க ஏற்ற விடுதி எது என்று கண்டறிந்து அறிக்கை தருமாறு, 1978-ஆம் வருஷம் ஓர் அதிகாரி அனுப்பப்பட்டார். அங்கீகாரம் பெற்ற விடுதியில் மட்டுமே அவர் தங்கலாம் என்பது விதி. அவர் தங்கிப் பார்த்துச் சான்று தரும்வரை எந்த விடுதிக்கும் அங்கீகாரம் கிடையாது என்பதும் விதி. இரண்டையும் எழுதியவர் ஒருவரேயாம். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது.

ஏற்பாடு செய்யும் பொறுப்பு குமாஸ்தா தவசியின் தலையில் விழுந்தது. அதிகாரியை மொக்கச்சாமியின் லாட்ஜுக்குக் கூட்டிப் போனார். கீழே ஏலக்காய் மூட்டை, மேலே ஆறு அறை.

"அறை பிரமாதம். ஆனால் தங்க முடியாது" என்றார் அதிகாரி.

"ஏன் சார்?"

"தங்கினால்தான் அங்கீகரிக்கலாம். அங்கீகரித்தால்தான் தங்கலாம்."

உச்சி வெயில். பாவம் என்று தவசி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். மனைவி சந்திரவல்லி, வாசலில் யார் வந்து நின்றாலும் சொல்வதைத்தான் சொன்னாள்: "வாங்கண்ணே, உள்ள வாங்க. தண்ணி குடிங்க."

அதிகாரி பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். "விதி ஏழு. உறவினர் வீட்டில் தங்கத் தடையில்லை."

"சார், இங்க எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவாக."

"நான் எல்லாரும் இல்லை. அரசாங்கம்" என்று பையை உள்ளே வைத்தார்.

வீடு இரண்டே அறை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பொன்னுமணியோடு தவசி குடும்பம் லாட்ஜுக்குக் குடிபோனது. சமைக்க மட்டும் சந்திரவல்லி வீட்டுக்கு வந்து போனாள். பதினெட்டு நாள் கழித்து அறிக்கை வெளியானது: 'இவ்வூரில் தங்கத் தகுதியானது தவசி வீடு ஒன்றே. ரசம் மெச்சத்தக்கது.' பிறகென்ன, ஏலக்காயைப் பார்க்க, மலையைப் பார்க்க, மலையைப் பார்க்க வந்தவரைப் பார்க்க என்று அதிகாரிகள் வந்தபடி இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேரன் நேரே லாட்ஜுக்கு வந்தான். நாலாம் நம்பர் அறையில் தொட்டில் கட்டினார்கள்.

"பெத்த மகளைக் குளிக்க வைக்க ஒரு வீடு இல்லையே" என்று சந்திரவல்லி அழுதாள். அதிகாரிகள் எவரும் தமக்கு உறவில்லை என்று தவசி மனு எழுதினார். பதில் வந்தது: 'உறவு உண்டா என்று விசாரிக்க ஆறு பேர் கொண்ட குழு வியாழக்கிழமை வரும். இல்லையென்று தெரிந்தால் வீடு திரும்பக் கிடைக்கும்.'

"நாளைக்கு வாயத் தெறக்காத. அண்ணேன்னு ஒரு சொல்லு வந்துச்சு, வீடு போச்சு" என்று புதன்கிழமை ராத்திரி மனைவியை எச்சரித்தார் தவசி.

வியாழக்கிழமை ஜீப்பிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. சந்திரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழுவில் மூத்தவர் வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தவசிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"வெயில்ல நிக்காதீக மாமா, உள்ள வாங்க!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒரு வீடு கூப்பிட்டால் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? "வாங்கண்ணே, மோர் குடிங்க." "இங்கிட்டு வாங்க மாப்ளே." இப்படி ஐந்து வாசலிலிருந்து அழைப்பு வந்தது. குழு ஆறு கதவிலக்கங்களையும் குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு வீடாகப் பையோடு நுழைந்தது.

கூட்டத்தில் லாட்ஜ்காரர் மொக்கச்சாமி ஒருவர்தான் கைகூப்பி, "வாங்க சார்" என்றிருந்தார். சாயங்காலம் ஐந்து குடும்பங்கள் பாய் தலையணையோடு வந்து நின்றதில், அவர் லாட்ஜில் ஓர் அறை மிச்சமில்லை.